செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பாவம்

ஜின்ஜா,
7 மார்ச் 1954

அன்புத் தங்கை கெசியாவுக்கு அண்ணன் எரிசா எழுதுவது. அங்கே செய்தி என்ன? இங்கே செய்தி நல்லதுதான். உன் அண்ணி மெராபுவின் முழங்கால் வலி ஏரிக்காற்றோடு வருகிறது, அதோடு போகிறது. உன் ஆடுகளும் நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன். உங்களை அழுகைக் கூட்டம் என்று பதினான்கு வருடம் கேலி செய்த அதே எரிசாதான். ஜனவரி கடைசியில், பள்ளிக்கூடத்து மைதானத்தில், எல்லோருக்கும் முன்னால் நானும் அழுதேன். பள்ளிச் சமையலறையில் நான் வெங்காயத்துக்குக்கூட அழுததில்லை என்று உனக்குத் தெரியும். சாராயத்தை அன்றோடு விட்டேன். அது போனது எனக்கே ஆச்சரியம்.

ஆனால் கையின் பழக்கம் போகவில்லை. சனிக்கிழமைகளில் மாணவர்களுக்கு இறைச்சி. நல்ல துண்டாக ஒன்றை எடுத்து மூடிபோட்ட சின்னச் சட்டியில் எனக்கென்று ஒதுக்கி வைப்பது இருபது வருடப் பழக்கம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, துதிப்பாட்டைப் பாடிக்கொண்டே வேலை செய்தேன். பாட்டு முடிந்தபோது துண்டு சட்டிக்குள் இருந்தது. நான் இரட்சிக்கப்பட்ட செய்தியை என் கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இங்கே வெகேசா என்று ஒரு தச்சர். இரட்சிக்கப்பட்டு இருபது வருடம். அவரிடம் சொன்னேன். "மறுபடியும் பிறந்தவன் பாவம் செய்ய மாட்டான். செஞ்சா அவன் பிறக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்கிறார். நான் பிறந்தேனா இல்லையா என்று தெரியவில்லை. ஆகஸ்டில் பெரிய கூட்டம். அங்கே எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். பிறக்காதவன் சாட்சி சொன்னால் அது பொய். மெராபுவும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆறு மாசம் உங்க கையப் பாக்குறேன். அப்புறம் நானும் உங்க கூட்டத்துல சேர்றதப் பத்தி யோசிப்போம்" என்கிறாள்.

நீ ஒவ்வொரு செவ்வாயும் ஐக்கியக் கூட்டத்தில் அந்த வாரப் பாவத்தைச் சொல்கிறவள். இத்தனை வருடம் கழித்தும் சொல்ல ஏதாவது இருக்கிறதா? ஒன்றே ஒன்று எனக்கு எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அண்ணன்,
எரிசா


ருகோமா மலை, கபாலே வழியாக
30 மார்ச் 1954

கர்த்தருக்குள் பிரியமான அண்ணாவுக்கு, இரத்தத்தால் கழுவப்பட்ட தங்கை கெசியாவின் ஸ்தோத்திரம். நான் சுகம். ஆடுகளும் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு ஆமணக்கெண்ணெய் சுடவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். கூட்டத்தை நடத்தும் யோசியா அண்ணன் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லி ஆடினார்கள். நான் பதினான்கு வருடம் ஜெபித்தது வீணாகவில்லை.

இறைச்சியை மறைக்காதீர்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விடுதி அம்மாவிடம் சொல்லுங்கள். மறைத்தால்தான் அது வளரும். சாத்தான் கையைத்தான் முதலில் பிடிப்பான். வெகேசா சகோதரரோடு வாதாட வேண்டாம்.

இங்கே மழை நன்றாக இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெரேசி, தன் களஞ்சியத்தில் காய்ந்த பட்டாணி ஒரு கூடை குறைந்திருக்கிறது என்று புலம்புகிறாள். அவள் மருமகள் டொஃபாசா கைக்குழந்தையோடு ஏரிக்கு அக்கரையில் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமைகளில் என்னிடம் நன்றி மட்டுமே இருக்கிறது. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

தங்கை கெசியா


ஜின்ஜா,
18 ஏப்ரல் 1954

அன்புள்ள கெசியாவுக்கு, எல்லோரும் நலம். எண்ணெய் வேலை செய்கிறது. மெராபு உனக்கு நன்றி சொல்கிறாள்.

விடுதி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்து காட்டி, "இருபது வருஷமா திருடுறேன் அம்மா" என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா எரிசா? நான் வந்த முதல் வாரமே எண்ணிட்டேன். சமையல்காரன்னா அப்படித்தான்னு விட்டேன்" என்றார். என் பெரிய பாவம் அவருக்குச் செய்தியாகக்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வாதாட வேண்டாம் என்று எழுதினாய். வாதாடவில்லை, கேட்கிறேன். வேதத்தில் ஒரே அப்போஸ்தலர் எழுதின ஒரே நிருபம். முதல் அதிகாரத்தில் பாவமில்லை என்கிறவன் பொய்யன் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தேவனால் பிறந்தவன் பாவமே செய்யான் என்கிறார். நடுவில் என்ன நடந்தது? வெகேசா மூன்றாம் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிக் குமாஸ்தா முதல் அதிகாரத்தை விடமாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் என் சமையலறையில் நின்று கத்துகிறார்கள், கஞ்சி தீய்கிறது.

புளிக்க வைக்கும் நம் ஊர்ச் சோளக்கஞ்சியை எடுத்துக்கொள். இரண்டாம் நாள் குழந்தைக்குக் கொடுக்கிறோம். நான்காம் நாள் அதே பானையிலிருந்து குடித்தால் ஆள் தள்ளாடுகிறான். எந்த நிமிடத்தில் அது கஞ்சியாக இருப்பதை விட்டுச் சாராயமாகிறது? யாராவது பானைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா? நானும் அப்படித்தான் நடுநாளில் இருக்கிறேன் என்று தோன்றுகிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஒரு பாவம், கெசியா. சின்னதாக இருந்தாலும் போதும்.

அண்ணன் எரிசா


ருகோமா மலை,
12 மே 1954

பிரியமான அண்ணாவுக்கு, ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பெரேசியின் பட்டாணியை எடுத்தது நான். போன மாதக் கடைசிச் செவ்வாயில் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். என் களஞ்சியத்திலிருந்து ஒரு கூடை திருப்பிக் கொடுத்தேன்.

பெரேசி அழுதாள். மருமகள்தான் எடுத்தாள் என்று சந்தேகப்பட்டு, அவளைத் தாய்வீட்டுக்கு விரட்டினதே தான்தான் என்று அவளும் எழுந்து சொன்னாள். தண்ணீர் என்றாலே நடுங்குகிறவள், மறுநாளே தோணி ஏறிப் போய் டொஃபாசாவிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்துவிட்டாள். கூட்டம் முழுக்க ஒரே துதி.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கெசியா


ஜின்ஜா,
30 மே 1954

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதலில் சந்தோஷம். கெசியாவே தடுக்கி விழுகிறாள் என்றால் எரிசா விழலாம். வெகேசாவிடம் ஓடிப்போய்க் காட்ட இருந்தேன்.

பிறகு யோசித்தேன். நீயா? வழியில் கிடந்த ஊசிக்குச் சொந்தக்காரி யார் என்று இரண்டு மலை ஏறி விசாரித்தவள் நீ. போன வருடம்தான், பட்டாணி மிஞ்சிப்போய்ப் புழு வைக்கிறது என்று எழுதியிருந்தாய். புழு வைக்கிற அளவுக்குப் பட்டாணி வைத்திருக்கிறவள் பெரேசியின் பட்டாணியை எதற்கு எடுத்தாய்? எப்படி எடுத்தாய்? பகலிலா? எதில் கட்டிக்கொண்டு போனாய்? குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன். நான் இறைச்சியை எடுத்தபோது என் கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். உன் கை எப்படிப் போனது என்று சொல்.

மெராபுவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "உங்க தங்கச்சி எதையோ முழுங்கிட்டு எழுதுறா" என்றாள்.

எரிசா


ருகோமா மலை,
26 ஜூன் 1954

அண்ணாவுக்கு ஸ்தோத்திரம். சுகம். மழை நின்றுவிட்டது. மேல்வயலில் சோளம் அறுக்கிறோம். கறுப்பு ஆடு இரட்டை ஈன்றது, ஒன்று பிழைத்தது.

டொஃபாசா தினமும் எனக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. தானும் இரட்சிக்கப்பட வேண்டும் என்கிறாள். யோசியா அண்ணனுக்கு மிகுந்த சந்தோஷம். அது என் சாட்சியின் கனி என்று கூட்டத்தில் சொன்னார்.

பட்டாணியைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கெசியா


ஜின்ஜா,
20 ஜூலை 1954

கெசியாவுக்கு, நாங்கள் சுகம், நீ சுகமா?

பட்டாணியைப் பற்றி எழுதவில்லை. வேறு ஒன்று. ஆகஸ்ட் பதினைந்து அன்று கூட்டம். என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். போன சனிக்கிழமை கை மறுபடியும் போனது. பாதி வழியில் பார்த்துவிட்டேன். துண்டைப் பெரிய சட்டியில் திரும்பப் போட்டேன். அது பாவமா, பாவம் செய்யாததா? நான் என்ன சாட்சி சொல்வது? உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. சீக்கிரம் எழுது.

எரிசா


ஜின்ஜா,
22 ஆகஸ்ட் 1954

அன்புள்ள கெசியாவுக்கு, நாங்கள் சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. காய்ச்சலா, கோபமா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுது.

கூட்டம் நடந்தது. நாலாயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் "முன்னே இருந்தேன், இப்போது இல்லை" என்று முடித்தார்கள். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். மேடை ஏறினதும் மெராபு முதல் வரிசையில் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று.

"என் பேரு எரிசா. சமையல்காரன். எனக்கு இரட்சிப்பு கெடச்சிருக்கு. ஆனா வலது கைக்கு இன்னும் முழுசாத் தெரியல. போன மாசமும் இறைச்சிச் சட்டிக்குப் போச்சு. அடுத்த மாசம் போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. போனா வந்து சொல்றேன்" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர், "எனக்கு நாக்கு" என்றார். சிரிப்பு பரவியது. வெகேசா எழுந்து போய்விட்டார், இன்னும் என்னோடு பேசவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். மெராபு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் குழந்தை லோயி போன பிறகு, இந்த எட்டு வருடத்தில், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உன் அண்ணன்,
எரிசா


ருகோமா மலை,
10 செப்டம்பர் 1954

அண்ணாவுக்கு, கெசியா எழுதுகிறேன். உடம்பு சுகம்தான். மனது இல்லை.

நான் பட்டாணியை எடுக்கவில்லை.

நீங்கள் கை எப்படிப் போனது என்று கேட்டீர்களே, அதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை, ஏனென்றால் போகவே இல்லை. நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு மேலாக நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலில் யோசியா அண்ணன் எல்லோருக்கும் முன்னால், "கெசியா சகோதரி, ரொம்ப நாளா சத்தமே இல்லையே. தூங்கிட்டீங்களா?" என்றார். எங்களில் ஒருவரைப் பார்த்து விசுவாசத்தில் தூங்கிவிட்டாயா என்று கேட்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குத் தெரியும். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. முன்பும் இப்படி ஆனதுண்டு. அப்போதெல்லாம் ஆட்டைத் திட்டினேன், கோழிமேல் கோபப்பட்டேன் என்று எதையாவது சொல்லித் தப்பிப்பேன். அன்றைக்கு ஆடும் கோழியும் வாயில் வரவில்லை. உங்கள் இறைச்சிதான் ஞாபகம் வந்தது. அதைப் பட்டாணியாக்கிச் சொல்லிவிட்டேன். அண்ணா, உங்கள் பாவத்தைத்தான் இரவல் வாங்கினேன்.

அதோடு போயிருந்தால் அடுத்த செவ்வாயே உண்மையைச் சொல்லி அழித்திருக்கலாம். ஜூனில் டொஃபாசா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அந்தப் பட்டாணிய எடுத்தது நான். அம்மா வீட்டுல பட்டினி. தோணிக்காரர்கிட்ட குடுத்து அனுப்பினேன். நான்தான்னு தெரிஞ்சுதானே நீங்க உங்க தலைல போட்டுக்கிட்டீங்க? எனக்காக எவளும் இப்படிச் செஞ்சதில்ல. உங்க இயேசு செஞ்சதும் இதுதான்னு இப்பத்தான் எனக்கு வெளங்குது" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தத் தடவல்தான் பொய்யைவிடப் பெரிய பொய்.

இப்போது என்ன செய்வேன்? உண்மையைக் கூட்டத்தில் சொன்னால் அவள் திருடி என்று வெளியாகும், பெரேசி மறுபடி விரட்டுவாள். அவளுடைய விசுவாசமும் என்மேல் நிற்கிறது, உடைந்துவிடும். சொல்லாவிட்டால், நான் இரட்சகர் வேடம் போட்டுக்கொண்டு அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் மார்ச்சில் கேட்டபோதே என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. லோயி செத்தபோது நான் மூன்று நாள் உங்கள் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தீர்கள். குடிகாரன் வீட்டுக்கு இது வர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. எட்டு வருடம், நானூறு செவ்வாய்க்கிழமைக்கு மேல், ஆட்டையும் கோழியையும் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. நீங்கள் மேடையில் கையைச் சொன்னதை வாசித்தபின் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இனி எழுத வேண்டாம் என்றால் எழுத வேண்டாம்.

கெசியா


ஜின்ஜா,
28 செப்டம்பர் 1954

கெசியாவுக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

பட்டாணி வரை சிரித்தேன். லோயி பெயர் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். நான்கு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் முழுதாகப் போகவில்லை என்று எழுதுவதுதான் நியாயம்.

ஐந்தாம் நாள் மெராபுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுவாள், உன்னைச் சபிப்பாள் என்று நினைத்தேன். "நானும் அதத்தான் நினைச்சேன். அன்னைக்கே. உங்ககிட்ட சொன்னதில்ல" என்றாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து குழந்தையைப் பற்றிப் பேசினோம். லோயிக்குப் பல் முளைத்தபோது அவள் என் விரலைக் கடித்தது வரை பேசினோம். நீ எழுதாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, நன்றி என்று எழுதவும் வாய் வரவில்லை.

டொஃபாசா விஷயத்துக்கு எனக்கு வழி தெரியாது. மெராபுதான் சொன்னாள், "கூட்டத்துல அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட தனியாச் சொல்லச் சொல்லுங்க. அது அவளோட திருட்டு. வெளிய சொல்றதா வேண்டாமான்னு அவதான் பாக்கணும்."

எரிசா


ருகோமா மலை,
2 நவம்பர் 1954

அண்ணாவுக்கும் அண்ணிக்கும், தங்கை கெசியாவின் வணக்கம். சுகம். பிழைத்த ஆட்டுக்குட்டி வயல் வரைக்கும் என் பின்னாலேயே வருகிறது.

ஊற்றங்கரையில் வைத்து டொஃபாசாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்ப எனக்காகச் சொல்லலியா?" என்றாள். "இல்ல. எனக்காகத்தான் சொன்னேன். வெக்கத்துல சொன்னேன்" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு நாள் வரவில்லை. நானே தண்ணீர் சுமந்தேன். ஒரு ஆத்துமாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் செவ்வாய். கூட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "மாமியார் பட்டாணிய எடுத்தது நான்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் எழுந்து, ஆடு, கோழி, பட்டாணி, லோயி, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் பாடவில்லை. யோசியா அண்ணன், "அப்ப இத்தனை வருஷம் தூங்கிட்டுத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டார். "தூங்கல அண்ணா. முழிச்சிட்டிருந்துதான் பொய் சொன்னேன்" என்றேன். இனிக் கொஞ்ச நாள் நான் வேதம் வாசிக்க வேண்டாம், பின்வரிசையில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சரிதான்.

பெரேசிதான் ஆறவில்லை. "தண்ணியக் கண்டா மயக்கம் வர்ற நான், இவ பொய்ய நம்பித் தோணில ஏறி, ஒரு திருடிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கேன்" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு போனாள். ஆனால் டொஃபாசாவை விரட்டவில்லை. ஒரு கூடைப் பட்டாணியைத் தோணிக்காரரிடம் கொடுத்து அக்கரைக்கு அனுப்பினாள். அனுப்பும்போதும் திட்டிக்கொண்டேதான் அனுப்பினாள்.

திரும்பி வரும்போது டொஃபாசாவிடம் கேட்டேன், ஏன் வந்தாய் என்று. "பாவமே செய்யாதவங்க நடுவுல நான் எங்க போய் உக்கார்றதுன்னு பயமா இருந்துச்சு அத்தை. இப்ப உங்க பக்கத்துல எடம் இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது.

மார்ச்சில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் பாவம் செய்ய முடியும் அண்ணா. கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, பாவத்தை அறிக்கை செய்துகொண்டே செய்ய முடியும். அப்படியானால் நான் என்றைக்குப் பிறந்தேன், பதினான்கு வருடத்துக்கு முன்பா, போன மாதமா என்று தெரியவில்லை. உங்கள் கஞ்சிப் பானைப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில் இருக்கிற, பாவம் செய்தவனுக்காகப் பரிந்து பேச ஒருவர் உண்டு என்கிற அதிகாரத்தை யாராவது வாசித்தார்களா என்று குமாஸ்தாவிடம் கேளுங்கள்.

போன வாரக் கூட்டத்தில் என் முறை வந்தது. சொல்ல ஒன்றும் இல்லை. எழுந்து, "இந்த வாரம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முன்வரிசையிலிருந்து பெரேசி திரும்பினாள். "எனக்கு ஞாபகம் இருக்கு. புதன்கிழமை உன் ஆடு என் கீரைய மேஞ்சுச்சு. நீ பாத்துட்டுப் பாக்காத மாதிரி போன" என்றாள்.

உண்மைதான் அண்ணா. பார்த்தேன்.

தங்கை,
கெசியா